தொல்லை தராத பெண்கள்: ஆட்டிச ஆய்வும் எல்லைத் தமிழரும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீருமேடு வட்டங்கள் என்று கேரளத்தின் கிழக்கு ஓரம் நெடுகத் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விவசாயம், மூணாறில் தேயிலை, வண்டன்மேட்டில் ஏலம் என்று தொழில் வேறுபடுகிறது. அரசு அலுவலகத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், பாதி உறவு போடியிலோ கம்பத்திலோ பொள்ளாச்சியிலோ என்ற நிலை மட்டும் பொதுவானது. இந்த மக்களிடையே ஆட்டிசம் உள்ள பெண்கள் எத்தனை பேர் என்று அறிய விரும்புகிறவர் எங்கே தேடுவார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனுக்கு எட்டு வகைகள் இருந்தன; அவற்றில் ஆட்டிசத்துக்கு இடமே தரப்படவில்லை. இந்த வெற்றிடத்தைப் பார்த்து, நம் பக்கத்தில் அப்படிப் பெண்கள் இல்லை என்று முடிவு கட்டுவது தவறு என்பதே என் வாதம். ஆட்டிசத்தை மருத்துவமும் ஆய்வும் இதுவரை அடையாளம் கண்ட வழியில், ஒருவர் பிறருக்கு எவ்வளவு தொல்லை தருகிறார் என்பதற்கே அதிக எடை கிடைத்தது. அவர் தமக்குள் எவ்வளவு பாடுபடுகிறார் என்பதற்கு அந்த எடை கிடைக்கவில்லை. அதனால் தொல்லை தராதவர்கள் எண்ணிக்கையில் விழாமல் போனார்கள். அப்படிப் போனவர்களில் உலகெங்கும் பெண்களே அதிகம். எல்லை மலைகளில் மொழியும் தூரமும் மாநிலக் கோடும் சேர்ந்து அந்த இழப்பை இன்னும் பெரிதாக்குகின்றன.

மருத்துவ நூல்களில் ஆட்டிசத்தின் முகம் தொடக்கத்திலிருந்தே ஒரு சிறுவனின் முகமாக இருந்தது. 1943இல் பால்டிமோரிலிருந்து லியோ கானர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பதினொரு குழந்தைகள் இடம்பெற்றார்கள். எட்டுப் பேர் ஆண்கள், மூவர் பெண்கள். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக விவரித்த நான்கு பேரும் சிறுவர்கள். இந்த நிலை முழு வடிவில் அமைந்த ஒரு சிறுமியைத் தாம் கண்டதில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். ஆனால் இவர்கள் இருவருக்கும் முன்பே மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மனநல மருத்துவர், ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியபின், 1927இல் சிறுமிகளைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். சிறுவர்களிடம் கண்ட கூறுகள் சிறுமிகளிடம் சற்று வேறு விதமாக வெளிப்படுவதை அவர் கவனித்திருந்தார். அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவர 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட தொண்ணூற்று மூன்று ஆண்டுகளில் அளவுகோல்கள் எல்லாம் சிறுவர்களைப் பார்த்தே செதுக்கப்பட்டுவிட்டன. இதன் விளைவு இங்கிலாந்தின் லோர்னா விங் 1981இல் தந்த எண்களிலேயே தெரிந்தது. கடுமையான அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருந்தவர்களிடையே ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்கள். அறிவுத்திறன் நன்றாக இருந்தவர்களிடையே ஒரு பெண்ணுக்குப் பதினைந்து ஆண்கள். ஒரே நிலை, இரண்டு பிரிவுகளில் இவ்வளவு வேறுபட்ட விகிதத்தில் வருவதற்கு இயற்கை மட்டும் காரணமாக இருந்திருக்குமா? வேறொரு கோளாறும் சேர்ந்து பளிச்சென்று தெரிந்தால்தான் பெண் குழந்தை கண்ணில் படுகிறாள் என்பதற்கான முதல் தடயம் அது என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் தடயத்தை உறுதிப்படுத்திய ஆய்வு தென்கொரியாவிலிருந்து வந்தது. 2011இல் வெளியான அந்த ஆய்வில் 7 முதல் 12 வயது வரையுள்ள 55,266 குழந்தைகள் வாழும் ஒரு பகுதியையே ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிறப்புப் பள்ளிகளிலும் மாற்றுத்திறனாளர் பதிவேட்டிலும் இருந்த குழந்தைகளோடு நிற்காமல், சாதாரணப் பள்ளிகளில் சாதாரணமாகப் படித்துக்கொண்டிருந்த குழந்தைகளையும் பரிசோதித்தார்கள். கண்டறியப்பட்ட ஆட்டிசக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தச் சாதாரண வகுப்பறைகளில் யாராலும் அறியப்படாமல் உட்கார்ந்திருந்தவர்கள். முன்பே பதிவேட்டில் இருந்த குழுவில் ஒரு சிறுமிக்கு 5.1 சிறுவர்கள், தேடிப்போய்க் கண்டுபிடித்த குழுவில் ஒரு சிறுமிக்கு 2.5 சிறுவர்கள். விகிதம் பாதியாகக் குறைந்ததற்குக் காரணம் குழந்தைகள் மாறியது அன்று. தேடியவர்கள் நின்ற இடம் மாறியதுதான். பின்னர் 2017இல் ரேச்சல் லூம்ஸ், லாரா ஹல், வில்லியம் மேண்டி மூவரும் 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களை எண்ணினால் நான்குக்கு ஒன்றைவிட அதிகம் என்றும், வீதியில் இறங்கி எண்ணினால் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்றும் காட்டினார்கள். இவற்றுக்கு இடையே 2012இல் பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வுதான் என் வாதத்துக்கு மிக நெருக்கமானது. ஆட்டிசக் கூறுகள் ஒரே அளவில் உள்ள சிறுவனையும் சிறுமியையும் எடுத்துக்கொண்டால், நடத்தைச் சிக்கலோ அறிவுத்திறன் குறைவோ கூடுதலாக இருந்தால்தான் சிறுமிக்கு ஆட்டிசம் என்று முடிவு சொல்லப்பட்டது. சிறுவனுக்கு அந்தக் கூடுதல் சுமை தேவைப்படவில்லை. வகுப்பில் நாற்காலியைத் தள்ளிவிடும் பையனை மருத்துவரிடம் அனுப்புகிறோம். காதைப் பொத்திக்கொண்டு மூலையில் அமைதியாக இருக்கும் பெண்ணை அனுப்புவதில்லை.

அந்த அமைதிக்குள் என்ன நடக்கிறது என்று பெண்களிடமே கேட்கத் தொடங்கியது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான். 2016இல் சாரா பார்ஜியேலாவும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டனில் வளர்ந்த பிறகே ஆட்டிசம் என்று அறிந்துகொண்ட பதினான்கு பெண்களுடன் விரிவாகப் பேசினார்கள். மற்றப் பெண்கள் எப்படிச் சிரிக்கிறார்கள், எப்போது தலையசைக்கிறார்கள், எந்தப் பேச்சுக்கு எந்த முகபாவம் காட்டுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கற்று, அதை நாள் முழுவதும் நடித்து, மாலையில் துவண்டுபோவதை அவர்கள் சொன்னார்கள். பள்ளியில் அவர்களைக் கூச்ச சுபாவம் என்றார்கள். வளர்ந்தபின் பதற்ற நோய், மனச்சோர்வு என்று மருந்து கொடுத்தார்கள். பதினான்கு பேரில் ஒன்பது பேர் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். எதிரில் இருப்பவரின் உள்நோக்கம் புரியாமையும், எல்லோருக்கும் இணங்கிப் போ என்று சிறுவயதிலிருந்து கிடைத்த பயிற்சியும் ஒன்றுசேர்ந்தால் ஒரு பெண் எவ்வளவு பாதுகாப்பற்றவளாகிறாள் என்பதை அந்த எண் சொல்கிறது. சிறிய ஆய்வுதான், அதை எல்லாப் பெண்களுக்கும் விரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ஒன்பதை நான் எளிதில் கடந்துபோக மாட்டேன். இப்படித் தன்னை மறைத்து நடிப்பதை அளக்க லாரா ஹல் குழுவினர் 2019இல் 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சாரா காசிடி குழுவினர், இந்த மறைப்புக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியிருந்தார்கள். ஆகவே, நன்றாகத்தானே சமாளிக்கிறாள் என்ற சொல்லைச் சொல்வதற்கு முன் நாம் நிதானிக்க வேண்டும். சமாளிப்பதற்கு அவள் கொடுக்கும் விலை வெளியே தெரிவதில்லை.

கண்டறிவதில் நேர்ந்த பிழை ஆய்வுக்குள்ளும் போய்த் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. ஏடாஸ் என்ற நேரடி அவதானிப்புக் கருவி 1989இல் கேத்தரின் லார்டு, மைக்கேல் ரட்டர் முதலானோர் வெளியிட்டது. உலகின் பல ஆட்டிச ஆய்வுகள், அந்தக் கருவியில் குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்கின்றன. ஏற்கெனவே மருத்துவரிடம் ஆட்டிசம் என்று முடிவு பெற்று ஆய்வுக்கு முன்வந்தவர்களில், இந்த மதிப்பெண் போதாமல் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களின் விகிதம் ஆண்களைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் என்று அனிலா டிமெல்லோவும் உடனுழைத்தவர்களும் 2022இல் காட்டினார்கள். நடந்தது இதுதான்: சிறுவர்களைப் பார்த்துச் செய்த கருவி பெண்களை வெளியே நிறுத்துகிறது, பெண்கள் இல்லாத ஆய்விலிருந்து மூளையைப் பற்றியும் மரபணுவைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் முடிவுகள் வருகின்றன, அந்த முடிவுகளை வைத்து அடுத்த கருவி செய்யப்படுகிறது. பெண்களைப் பற்றிய தரவு குறைவு என்பதே பெண்களுக்கு ஆட்டிசம் குறைவு என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இதைவிடப் பழுதான தர்க்கம் அறிவியலில் அதிகம் இருக்க முடியாது.

இந்தியாவில் ஆட்டிசம் சட்டத்துக்குள் வந்ததே தாமதமாகத்தான். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு மாற்றுத்திறன் வகைகளில் அது இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016இன் மாற்றுத்திறனாளர் உரிமைகள் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அங்கீகரித்தது. சான்றிதழுக்கு அடிப்படையாக இருப்பது ஐசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய அளவுகோல். செகந்திராபாத்தில் உருவான அதில் நாற்பது கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் எழுபதுக்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. பெற்றோர் சொல்வதையும் பரிசோதகர் கண்ணால் பார்ப்பதையும் வைத்தே மதிப்பெண் போடப்படுகிறது. பார்ப்பவருக்குத் தெரியாதபடி மறைக்கப் பழகிய இருபத்தைந்து வயதுப் பெண், பெற்றோரும் மறைந்துவிட்ட நாற்பது வயதுப் பெண், இவர்களுக்காக அந்தத் தாள் எழுதப்படவில்லை. இந்தியாவில் ஓரளவு பெரிய பரப்பில் நடந்த ஆய்வு என்றால் இன்க்ளென் அமைப்பு நடத்தியதுதான். 2018இல் வெளியான அதில் 2 முதல் 9 வயது வரையுள்ள ஏறத்தாழ நான்காயிரம் குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டார்கள். இடங்கள்: பல்வல், காங்ரா, தேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத். அக்கறையோடு செய்யப்பட்ட நல்ல ஆய்வு. ஆனால் அந்த ஐந்தில் கேரளமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. பத்து வயதைத் தாண்டிய யாரும் இல்லை.

எல்லைப் பகுதிக்கு வருவோம். கேரளத்தின் பெண் கல்வியையும் சுகாதாரத்தையும் சுட்டிக்காட்டி, அங்கே பெண் குழந்தையைப் புறக்கணிக்க மாட்டார்கள் என்று ஒருவர் சொல்லலாம். சொல்வதில் நியாயம் உண்டு. 2011இல் ஆயிரம் ஆண்களுக்குப் பாலக்காட்டில் 1,067 பெண்களும் இடுக்கியில் 1,006 பெண்களும் இருந்தார்கள். கேரள அரசு 2014–15இல் மாற்றுத்திறனாளர்களுக்காகவே தனிக் கணக்கெடுப்பு நடத்தி ஏறக்குறைய 7.94 லட்சம் பேரைப் பதிவு செய்தது. வேறு பல மாநிலங்கள் நினைத்துக்கூடப் பார்க்காத வேலை அது. ஊராட்சிகளும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து நடத்தும் பட்ஸ் சிறப்புப் பள்ளிகள் 2004இல் வெங்ஙானூரில் தொடங்கி மாநிலமெங்கும் பரவின. மூணாறில் தேயிலைத் தொழிலாளர்களின் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஸ்ருஷ்டி அமைப்பு, இயற்கைச் சாயத் துணி, கைக் காகிதம் என்று அவர்களுக்கு வேலையும் வருமானமும் ஏற்படுத்தித் தந்திருக்கிறது. இவை மதிக்கத் தக்கவை. ஆனால் இவை எல்லாமே முதலில் யாராவது ஒருவர், இந்தப் பிள்ளைக்கு ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று சொன்ன பிறகு இயங்குபவை. வீடு வீடாக வரும் கணக்கெடுப்பாளர், உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார். பத்தாம் வகுப்பு வரை படித்து, கல்யாணமாகி, நாள் தவறாமல் கொழுந்து கிள்ளப் போகும் மருமகளைப் பற்றி அந்தக் கேள்விக்கு எந்த மாமியாரும் ஆம் என்று சொல்லப்போவதில்லை. 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறையும் பார்க்க வேண்டும். வரிசையில் நிற்கும் நூறு பிள்ளைகளில், சொன்னபடி நிற்கும் பெண் பிள்ளையிடம் குறை தேட நேரமும் இல்லை, காரணமும் இல்லை.

இதோடு தூரம் சேர்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2016இல் வந்த 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநோயாளிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரை ஒன்று, ஒரு பெண்ணுக்கு 1.69 ஆண்கள் வந்ததைக் காட்டியது. டெல்லிக்குள்ளிருந்து வந்தவர்களில் அந்த எண் 1.41, பீகாரிலிருந்து வந்தவர்களில் 2.37. பயணம் நீள நீளப் பெண் நோயாளி வீட்டிலேயே நின்றுவிடுகிறாள். பீகாரும் கேரளமும் ஒன்றல்ல. ஆனால் ஒருநாள் கூலியை இழந்து, மலைச்சாலையில் பேருந்தில் இறங்கி, மகளை மருத்துவமனையில் காட்டிவிட்டு இரவோடு திரும்ப வேண்டிய குடும்பத்துக்கு அந்தக் கணக்கு அந்நியமானதில்லை. காய்ச்சல் என்றால் போவார்கள். பெண் பேசாமல் இருக்கிறாள், சத்தம் கேட்டால் நடுங்குகிறாள், ஒரே உடையைத்தான் உடுத்துகிறாள் என்பதற்காக யார் கூலியை விடுவார்கள்? போகிறவர்களும் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பது அடுத்த சிக்கல். மூணாறு, பூப்பாறைப் பக்கம் உள்ளவர்கள் போடிமெட்டு வழியாகத் தேனிக்கும், குமுளியில் இருப்பவர்கள் கம்பத்துக்கும், மறையூர்க்காரர்கள் உடுமலைக்கும், கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் இறங்குவது இயல்பு. அங்கே தமிழில் பேசலாம். ஆனால் உதவித்தொகையும் பராமரிப்புத் திட்டமும் குடியிருக்கும் மாநிலத்தில்தான் கிடைக்கும். மருத்துவக் குறிப்பு ஒரு மாநிலத்தில், ரேஷன் கார்டு இன்னொரு மாநிலத்தில் என்றால் இரு பக்கத்து ஆய்விலும் அந்தப் பெண் விடுபடுவதற்கு வழி எளிது.

மொழிச் சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே கடிதம் எழுதிக்கொள்ள உரிமை தருகிறது. மனு எழுத அது உதவும். மனநலப் பரிசோதனைக்கு அது போதாது. ஆட்டிசத்தைக் கண்டறிவதே ஒருவர் எப்படிப் பேசுகிறார், பேச்சில் ஏற்ற இறக்கம் எப்படி, கேலியைப் புரிந்துகொள்கிறாரா, உரையாடலைத் தொடர்கிறாரா என்பதை உற்றுக் கேட்பதில் இருக்கிறது. வீட்டு மொழி தமிழாக உள்ள பெண்ணை மலையாளத்தில் பரிசோதித்தால், தயக்கம் மொழியால் வந்ததா ஆட்டிசத்தால் வந்ததா என்று பிரிப்பது கடினம். பெரும்பாலும் மொழியின் மேல் பழியைப் போட்டுவிட்டு அனுப்பிவிட முடியும். பிற இடத்துக் கருவியை மொழிபெயர்த்து அப்படியே பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையில் சான்று உண்டு. ஹேமமாலி பெரேரா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டு வயது வரையுள்ள 374 குழந்தைகளில் நால்வருக்கு ஆட்டிசம் இருந்தது. உலகெங்கும் பயன்படும் எம்சாட் என்ற வினாத்தாள் அந்த நால்வரில் ஒருவரைத்தான் பிடித்தது. பிறகு அந்தக் குழுவினர் படங்களை வைத்துத் தாய்மாரிடம் கேட்கும் புதிய முறையை உருவாக்கினார்கள். இடுக்கி மலைக்கும் அப்படி ஒரு வேலை தேவை. இலக்கியத் தமிழில் மொழிபெயர்த்த வினாத்தாள் எஸ்டேட் லயத்தில் குடியிருக்கும் அம்மாவுக்கு மலையாளத் தாளைப் போலவே தூரமாக இருக்கும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பெண்களிடம் ஆட்டிசம் இயற்கையிலேயே குறைவு, மரபணு ஆய்வுகளும் அதைத்தானே சொல்கின்றன என்பார்கள். உண்மை, ஆட்டிசம் வெளிப்படப் பெண்களுக்கு ஆண்களைவிட அதிக மரபணு மாற்றம் தேவைப்படுகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன, பெண் உடலில் ஏதோ ஒரு காப்பு இருக்கலாம். நான் அதை மறுக்கவில்லை. இரு பாலினத்திலும் சமமாக இருந்தே தீர வேண்டும் என்பது என் வாதத்துக்குத் தேவையும் இல்லை. மூன்றுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்களுக்கு ஒரு பெண் என்றால் நான்கில் ஒருவர் பெண். அந்த நான்கில் ஒருவரையாவது நம் ஆய்வுகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் கண்டிருக்கின்றனவா என்பதே கேள்வி. அதோடு, காப்பு இருக்கிறது என்று சொல்லும் ஆய்வுகளில் பலவும் கண்டறியப்பட்டவர்களை வைத்தே நடத்தப்பட்டவை. கடுமையான பாதிப்பு உள்ள பெண்களே அவற்றில் அதிகம் சேர்ந்திருப்பார்கள் என்றால், அவர்களிடம் அதிக மரபணு மாற்றம் தெரிவதில் வியப்பில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட நியாயமானது என்று எனக்குப் படுகிறது. மறைத்து நடிப்பது பற்றிய ஆய்வுகள் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும், படித்த, வெள்ளையினப் பெண்களை வைத்துச் செய்தவை. அவற்றைக் கொண்டுவந்து தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண் மேல் ஏற்றலாமா? ஏற்றக் கூடாது. ஆனால் இந்த மறுப்பு ஆய்வே வேண்டாம் என்பதற்கான காரணமாக முடியாது. இங்கே தனியாக ஆய்வு வேண்டும் என்பதற்கான காரணம் அதுவே. நடிப்பின் வடிவம் இங்கு வேறாக இருக்கலாம். அலுவலக விருந்தில் சிரிக்க வேண்டிய கட்டாயம் இங்கில்லை. மாமியாரிடம் பேசும் முறை, கல்யாண வீட்டில் முன்வந்து பரிமாறுவது, சாவு வீட்டில் கூடி அழுவது, திருவிழாக் கூட்டத்தில் மேளச் சத்தத்தைத் தாங்குவது என்று இங்கே ஒரு பெண்ணிடம் எதிர்பார்க்கப்படுபவை வேறு. தவறினால் திமிர் பிடித்தவள், ஊமைக்குசும்பு என்று பெயர் வாங்குவாள். சில இடங்களில் பேய் பிடித்ததாகச் சொல்லிக் கோயிலுக்கு அழைத்துப்போவார்கள். இன்னொரு பக்கம், ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே பாதையில் ஏறி, ஒரே செடிவரிசையில் தலைகுனிந்து வேலை செய்யும் தோட்ட வாழ்க்கை சில பெண்களுக்குத் தாங்கலாகவும் இருந்திருக்கக்கூடும். இவற்றில் எது உண்மை என்பதை வெளியிலிருந்து ஊகிக்க முடியாது, அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்களால் தங்கள் நிலையைச் சொல்ல முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் 2015 செப்டம்பரை நினைவுகொள்ளட்டும். 20 விழுக்காடு போனஸும் 500 ரூபாய் தினக்கூலியும் கேட்டு மூணாறுச் சாலையை நிறைத்த, பெம்பிளை ஒருமை என்ற தோட்டத் தொழிலாளர் இயக்கத்துப் பெண்கள், அதுவரை தங்களுக்காகப் பேசுவதாகச் சொன்ன ஆண் தலைவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தங்கள் கணக்கைத் தாங்களே சொன்னார்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால் சொல்லத் தெரிந்த பெண்கள் அவர்கள்.

பெயர் சூட்டினால் கல்யாணம் நின்றுபோகும், உதவியும் கிடைக்காது, பிறகு எதற்கு இந்தப் பெயர் என்று கேட்கும் பெற்றோரின் பயம் உண்மையானது. அதை அறியாமை என்று ஒதுக்குவது கொடுமை. ஆனால் பெயர் இல்லாத பெண்ணும் பெயர் இல்லாமல் இருப்பதில்லை. மந்தம், திமிர், பைத்தியம் என்ற பெயர்கள் முன்பே காத்திருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால், மூளை இயங்கும் விதமே வேறு, குற்றம் உன்னுடையதில்லை என்று சொல்லும் ஒரு மருத்துவப் பெயர் இரக்கமானது. அதைத் தெருவுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பணம் குறைவாக இருக்கும்போது பேச்சே வராத குழந்தைகளுக்கு முதலிடம் தர வேண்டாமா என்ற கேள்விக்கு என் பதில், தர வேண்டும் என்பதே. ஆனால் அந்தக் குழந்தைகளிலும் பெண்கள் இருக்கிறார்கள். அறிவுத்திறன் குறைபாடு என்ற ஒற்றைக் குறிப்போடு கோப்பு மூடப்பட்டு, கூடவே உள்ள ஆட்டிசம் எழுதப்படாமல் போகும் வாய்ப்பு இவர்களுக்கும் உண்டு. வெளியே தெரியாத பெண்ணையும் நன்றாகத் தெரியும் பெண்ணையும் பகையாளிகளாக்க வேண்டியதில்லை. இருவரும் ஒரே அலட்சியத்தின் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள்.

செய்ய வேண்டியவை பெரிய ஆலைகளோ கட்டடங்களோ இல்லை. மருத்துவர் அல்லாத பணியாளர்களைப் பயிற்றுவித்து ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கு உதவ முடியும் என்பதைக் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த பாஸ் ஆய்வு 2016இலேயே காட்டிவிட்டது. மூணாறு, வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம், கொழிஞ்சாம்பாறை ஆகிய இடங்களில் ஆஷா, அங்கன்வாடி, குடும்பஸ்ரீப் பெண்களுக்குத் தமிழிலேயே அத்தகைய பயிற்சி தரலாம்; அவர்களே அந்த வீடுகளுக்குள் உரிமையோடு போகக்கூடியவர்கள். கேரளப் பல்கலைக்கழகம் ஒன்றும் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றும் எல்லையின் இரு புறத்துப் பதிவேடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆய்வைத் தொடங்கலாம். அதில் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களும், குறிப்பாக வளர்ந்த பெண்களும், மதிப்பெண் குறைந்தது என்பதற்காகத் திருப்பி அனுப்பப்படாமல் சேர்க்கப்பட வேண்டும். கேள்விகளை வகுக்கும் மேசையில் ஆட்டிசம் உள்ள பெண்களுக்கும் இடம் வேண்டும். 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்க இருக்கிறது. கணக்கெடுக்க வருபவரின் கேள்வி, மாற்றுத்திறனாளி இருக்கிறாரா என்பதோடு நிற்காமல், சத்தமும் கூட்டமும் மாற்றமும் யாரையாவது மிகவும் வாட்டுகின்றனவா என்ற இடம் வரை போக வேண்டும். அந்தக் கேள்வியை இந்த மலைகளில் தமிழில் கேட்க ஏற்பாடு செய்யுங்கள் என்று இரண்டு மாநில அரசுகளையும் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிக்கும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் அதுவரை காத்திராமல், தங்கள் வகுப்பிலும் வரிசையிலும் எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும் பெண்ணிடம் இன்றே பேசிப் பாருங்கள்.